விலைக்கு வாங்கிய இரவல்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் நடந்து சென்றவர்களுக்கு ஒரு காட்சி நன்கு தெரிந்திருக்கும். சாலையின் இருமருங்கிலும் தண்ணீர்ப் பந்தல்கள். மோர் என்ன, பானகம் என்ன, சோறு என்ன, வருகிறவர் போகிறவர் யாவருக்கும் வாரி வழங்குகிறார்கள். இன்ன சாதியா என்று எவரும் கேட்பதில்லை. இந்துவா, சீனரா என்றும் கேட்பதில்லை. குடித்தவன் வெட்கப்படுவதில்லை, கொடுத்தவன் கணக்குப் பார்ப்பதில்லை. இவ்விதம் பந்தலில் மோர் வாங்கிக் குடித்த அதே மனிதர், மறுவாரம் நம்மிடம், "புத்தகசாலையில் இரவல் வாங்கிப் படிப்பது நம் போன்றவருக்குக் கௌரவக் குறைவு. நான் கைப்பேசியில் காசு கொடுத்தே மின்னூல் வாங்குகிறேன். என்னிடம் இருநூறு புத்தகம் சொந்தமாக இருக்கிறது" என்று மார்தட்டக் கேட்கிறோம். இந்தக் கௌரவத்தையும் இந்தச் சொந்தத்தையும் சற்று ஆராயவே இன்று எழுத முன்வந்தோம்.

தோழர்களே, அவர் வாங்கியது என்ன? கடைக்காரனிடம் ஒரு காகிதப் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கினால் அது வாங்கினவனின் உடைமை. அடிக்கோடு இடலாம், மைத்துனனுக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம், பிள்ளைகள் பிற்காலத்தில் பாகம் பிரித்துக் கொள்ளலாம். பதிப்பித்தவனோ கடைக்காரனோ நடுவில் வந்து நின்று, "இதை நீ அவனுக்குக் கொடுக்கக் கூடாது" என்று தடுக்க முடியாது. மின்னூல் வியாபாரிகளுள் பெரும்பாலோரிடம் வாங்கும் நூலுக்கு இவ்வுரிமைகளுள் ஒன்றுமே இல்லை. அங்கே விற்கப்படுவது புத்தகமன்று, படிப்பதற்கான அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டை மாற்றிக் கொடுக்கலாகாது, விற்கலாகாது, உயில் எழுதி வைக்கலாகாது என்று சிறிய எழுத்தில் நிபந்தனை போட்டிருக்கிறார்கள். நாம் அதைப் படியாமலே "ஒப்புக்கொள்கிறேன்" என்பதை அழுத்திவிடுகிறோம். கடன் பத்திரத்தைப் படியாமல் பெருவிரல் ரேகை வைத்த தோட்டத்துப் பாட்டனைப் பார்த்துச் சிரிக்கிற பேரன்மார் இந்த விஷயத்தில் தம் பாட்டனைவிட எவ்வளவு தூரம் முன்னேறிவிட்டார்கள் என்பதை அவர்களே சொல்லட்டும்.

நாம் மிகைப்படுத்திப் பேசுவதாக எண்ண வேண்டா. 2009 ஜூலையில் அமேசான் கம்பெனியார், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நாவல்களைத் தம் வாடிக்கைக்காரர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஓர் இரவில் அழித்துவிட்டார்கள். அந்நூல்களைத் தம் கடையில் ஏற்றியவருக்கு உரிமை இல்லையென்று பிற்பாடு தெரிந்ததாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கண்டனம் எழுந்தபின் மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் காசு கொடுத்தவன் வீட்டுக்குள் இரவில் புகுந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், மேசைமேல் பணத்தை வைத்துவிட்டுப் போகிறவனை நாம் கடைக்காரன் என்றா அழைப்போம்? அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று "1984" என்பது இன்னொரு வேடிக்கை. அதிகாரத்திலிருப்போர் பழைய ஏடுகளை இருந்த இடம் தெரியாமல் அழிப்பதைப் பற்றிய கதை அது.

மைக்ரோசாப்ட் கம்பெனியார் கதை இன்னும் தெளிவானது. 2019 ஏப்ரலில் தமது மின்னூல் கடையை மூடினார்கள். கடை மூடினால் மூடட்டும். அது வியாபாரிகளுக்குச் சகஜம். ஆனால் அவ்வாண்டு ஜூலை முதல், அக்கடையில் முன்னரே வாங்கிய நூல்களும் திறக்கவில்லை. பணம் திரும்பியது, புத்தகம் போயிற்று. நம்மூரில் ஒரு புத்தகக் கடை மூடினால் அங்கே வாங்கின நூல்கள் நம் வீட்டுப் பெட்டியிலிருந்து மறைந்த செய்தியை எவரேனும் கேட்டதுண்டா? 2025 பிப்ரவரியில் அமேசான் கம்பெனியாரே, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கித் தனியே சேமித்துவைக்க இருந்த வழியையும் அடைத்தார்கள். கலிபோர்னியாச் சட்டமன்றத்தாருக்கே இது பொறுக்கவில்லை போலும். இத்தகைய பண்டங்களுக்கு "வாங்கு" என்னும் சொல்லைப் போடுவதானால், நீ வாங்குவது உரிமச் சீட்டே என்பதை வெளிப்படையாய்ச் சொல்ல வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அது 2025 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. நம் நண்பர் சொந்தம் என்று மார்தட்டிய இருநூறும் சொந்தமல்ல என்பதை அமெரிக்கச் சட்டப் புத்தகமே எழுதி வைத்துவிட்டது. அவை இரவல், விலைக்கு வாங்கிய இரவல்.

சொந்தம் என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். தண்ணீர்மலை அடிவாரத்தில் கோயில் எழுப்பி 1894 முதல் வெள்ளி ரதம் ஓட்டுகிற நாட்டுக்கோட்டை நகரத்தார்களின் சொந்தச் சீமையிலேயே, கோட்டையூரில், ரோஜா முத்தையா என்பவர் ஒருவர் இருந்தார். அவர் பெரும் லேவாதேவிக்காரர் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் வாழ்நாளெல்லாம் தமிழில் அச்சான நூல், பத்திரிகை, நாடக நோட்டீசு, கலியாணப் பத்திரிகை என்று கண்டதையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிக்காகோ பல்கலைக் கழகத்தார் அத்தொகுதியை விலைக்குப் பெற்றார்கள். அதைக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுதப் புகுகிறவர் எவரும் அங்கே போகாமல் இருக்க முடியாது. அந்தப் பலகை ஓவியர் இக்காலத்தில் பிறந்து, அவ்வளவு பணத்தையும் மின்னூல் கடைகளில் கொட்டியிருப்பாரானால், 1992-இல் அவருடைய மூச்சோடு கணக்கும் முடிந்திருக்கும். மனைவி மக்களுக்கு மிஞ்சுவது மறந்துபோன கடவுச்சொல் ஒன்றுதான். சேர்த்துவைக்க ஆசையுள்ளவர் காகிதமே வாங்க வேண்டும், அல்லது பூட்டில்லாத கோப்பாகவே கேட்டு வாங்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

நிற்க. மின்னூலே வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுகிறவர் தோட்டத்தையும் அறியார், பட்டணத்து அடுக்குமாடியையும் அறியார். கெடாவின் உட்பகுதியிலோ பேராக்கிலோ செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் பெண்பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகக் கடை எங்கே இருக்கிறது? பினாங்குக் குட்டி இந்தியாவுக்கோ கோலாலம்பூருக்கோ பஸ் ஏறி வரவேண்டும். பால்மரக் காலத்தில் லயத்துக்கு ஒரு பத்திரிகை வரும். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் நகரங்களுக்குச் சிதறியபின் அந்தத் திண்ணையும் போயிற்று. 1924-இல் தோன்றிய "தமிழ் நேசன்" 2019-இல் நின்றே போயிற்று. கடையும் இல்லை, திண்ணையும் இல்லை என்னும் இடத்தில் கைப்பேசி ஒன்றே இருக்கிறது. கண் மங்கிய முதியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடையும் நூலகமும் அடைபட்டபோது, வீட்டுக்குள் வரக்கூடிய புத்தகம் மின்னூல் ஒன்றாகவே இருந்தது. ஆகவே மின்னூல் வேண்டும். அதை யாரிடம் இரவல் வாங்குவது என்பதுதான் கேள்வி. கம்பெனியிடம் விலை கொடுத்து இரவல் வாங்குவதா, நமது சொந்தப் பொது நூலகத்தில் நாம் ஏற்கனவே வரியாகக் கொடுத்த பணத்துக்கு ஈடாக இரவல் வாங்குவதா?

பினாங்கில் புத்தகசாலை புதிதன்று. 1817-இலேயே இத்தீவில் ஒன்று ஏற்பட்டது. ஆனால் அது சந்தா கட்டிய துரைமார்களுக்காக இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கினவனுக்கு அதன் வாசற்படியும் சொந்தமில்லை. இன்று நிலை அப்படியா? பினாங்குப் பொது நூலகம் எல்லா இனத்தாருக்கும் திறந்திருக்கிறது. 2016-இல் கிரீன் லேனில், மஸ்ஜித் நெகிரி சாலையில், மின்னியல் நூலகம் ஒன்றும் திறந்தார்கள். தண்ணீர்மலைக்கு அது வெகு தொலைவன்று. சந்தாக்காரத் துரைமார் போய், வரி கொடுக்கும் நாமே எஜமானர் ஆனபின்பும், உள்ளே போக வெட்கப்படுவதும், வெளியே கம்பெனியிடம் சந்தா கட்டுவதைக் கௌரவம் என்று எண்ணுவதும் எந்தப் புத்தியைச் சேர்ந்தது?

"அங்கே தமிழ் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதைக் காப்பிக் கடையில் கேட்டு என்ன பயன்? நூலகக் கவுண்டரில் கேட்டவர் எத்தனை பேர்? நூலகத்தார் வருஷா வருஷம் எதைக் கொண்டு நூல் வாங்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். எந்த மொழியில் எத்தனை இரவல் போயிற்று, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எத்தனை வேண்டுகோள் எழுத்தில் வந்தது என்பவையே அவர்களுக்குச் சாட்சி. மின்னூலில் இந்தக் கணக்கு இன்னும் துல்லியமானது. ஒரு பிரதியை ஒரே சமயத்தில் ஒருவரே படிக்கலாம் என்பது வழக்கமான ஏற்பாடு. இரண்டாமவர் பெயரைப் பதிந்து காத்திருக்க வேண்டும். தவணை முடிந்தால் நூல் தானே திரும்பிவிடும். இந்தக் காத்திருப்புப் பட்டியல்தான் இன்னொரு பிரதி வேண்டுமென்று நூலகத்தாருக்கு மனுப்போடுகிறது. நீங்கள் கம்பெனியிடம் கொடுக்கும் ஒவ்வொரு காசும் கம்பெனியின் கணக்கில் மாத்திரம் ஏறுகிறது. நூலகத்தில் எடுக்கும் ஒவ்வொரு தமிழ் நூலும், "இவ்வூரில் தமிழ் படிக்கிறவன் ஒருவன் இருக்கிறான்" என்று சர்க்கார் ஏட்டில் ஒரு வரி எழுதுகிறது. எண்ணிக்கையில் சிறிய நமக்கு அந்த வரி எவ்வளவு அவசியம் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துச் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. தேசிய நூலக வாரியத்தின் வாயிலாகத் தமிழ் மின்னூலை உறுப்பினர் வீட்டிலிருந்தே இரவல் எடுக்கிறார்கள். 2015-இல் தொண்டர்களும் வாரியமும் சேர்ந்து அந்நாட்டுத் தமிழ் இலக்கியத்தை மின்னாக்கி வைத்தார்கள். இவை வானத்திலிருந்து விழவில்லை. 1953-இல் லீ கோங் சியான் என்னும் சீன வணிகர், தேசிய நூலகம் கட்ட 375,000 வெள்ளி கொடுக்க முன்வந்தார். அவர் கேட்ட நிபந்தனை, நூலகம் யாவர்க்கும் இலவசமாயிருக்க வேண்டும், ஆங்கிலத்தோடு நில்லாமல் இந்நாட்டு மக்களின் மொழி நூல்களையும் வளர்க்க வேண்டும் என்பது. ஒரு சீனர் வைத்த நிபந்தனையில் தமிழுக்கும் பங்கு கிடைத்தது. அதே அளவு செல்வம் படைத்த நம்மவர் எத்தனையோ பேர் இக்கரையில் வாழ்ந்தார்கள். அவர்களுள் நகரத்தார்கள் தமிழ்நாட்டில் கல்விக்குச் செய்த உபகாரத்தை நாம் மறைக்கவில்லை. 1929-இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக் கழகமே அதற்குச் சாட்சி. ஆனால் சம்பாதித்த மண்ணில், ரதத்துக்கு வெள்ளி கிடைத்தது. வாசகசாலைக்கு ஓட்டுக் கூரை கிடைத்ததா? 2017-இல் வெள்ளிக்குப் போட்டியாகத் தங்க ரதமும் வந்தது. ரதத்துக்கு முன்னே தெருவெல்லாம் வெள்ளமாய் உடைபடும் தேங்காயைக் குறித்துப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தார் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டார்கள். அந்தத் தேங்காயில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் 28 தமிழ்ப் பள்ளிகளுக்கும் அலமாரி நிறையப் புத்தகம் வருமென்று சொன்னால், சாமி குற்றம் என்கிறார்கள்.

இனி எதிர்வாதம் ஒன்று. "எல்லாரும் இரவலே வாங்கினால் எழுத்தாளன் வயிற்றுக்கு என்ன செய்வான்?" என்று எழுத்தாளர்மேல் திடீர் கருணை கொண்டு சிலர் கேட்கிறார்கள். இக்கேள்வியைக் கேட்பவருள் சிலர், யாரோ களவாய் நகல் எடுத்த முழுப் புத்தகத்தை வாட்ஸ்அப் குழுவில் நூறு பேருக்கு அனுப்பிவிட்டு வந்து கேட்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அதுவே திருட்டு, அதை இரவலோடு சேர்த்துப் பேசவே கூடாது. நானூறு பிரதி விற்பதற்குள் நரை கண்டுவிடும் ஏழைத் தமிழ் எழுத்தாளனிடமிருந்து திருடுவதில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. நூலக இரவலோ அப்படியன்று. நூலகம் பிரதியையோ உரிமத்தையோ விலை கொடுத்தே வாங்குகிறது. அது மாத்திரமன்று, இரவல் எடுக்கப்படுவதைக் கணக்கிட்டு ஆசிரியனுக்கு அரசாங்கமே கூலி கொடுக்கும் முறை 1946-இல் டென்மார்க்கில் தொடங்கி இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்துவருகிறது. பிரிட்டனில் 1979-இல் அதற்குச் சட்டம் வந்தது. 2018 ஜூலை முதல் நூலக மின்னூல் இரவலுக்கும் அது விரிந்தது. அத்தகைய கூலி இங்குள்ள தமிழ் எழுத்தாளனுக்கும் குறைவறச் சேரவேண்டும் என்று எழுத்தாளர் சங்கங்கள் கிளர்ச்சி செய்யட்டும், நாமும் கையெழுத்திடுகிறோம். வாசகனை வெட்கப்படுத்துவது அதற்கு வழியன்று.

உண்மையில் இந்த விவகாரத்தில் வெட்கப்பட வேண்டியவர் பெரும் பதிப்பாளர். 2011-இல் ஹார்ப்பர் காலின்ஸ் கம்பெனியார், ஒரு மின்னூலை 26 தடவை இரவல் கொடுத்ததும் நூலகம் மறுபடியும் விலை கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். காகிதப் புத்தகம் கிழிந்துபோகுமல்லவா, அதுபோல இதுவும் கிழிந்ததாகப் பாவிக்க வேண்டுமாம்! கிழியாத பொருளைக் கிழிந்ததென்று பாவித்து மறுபடி விலை வாங்குவதை மந்திரவாதி செய்தால் மூடநம்பிக்கை என்போம். கம்பெனி செய்தால் வியாபார முறை. 2019 நவம்பரில் மாக்மில்லன் கம்பெனியார், புதிய நூல் வெளிவந்து எட்டு வாரம்வரை எவ்வளவு பெரிய நூலகமானாலும் ஒரே மின்பிரதிதான் என்றார்கள். அமெரிக்க நூலகத்தாரும் வாசகரும் விடவில்லை. பல ஊர் நூலகங்கள் அக்கம்பெனியின் மின்னூல்களை வாங்குவதையே நிறுத்தின. 2020 மார்ச்சில் விதி வாபஸ் ஆயிற்று. தனி வாசகன் ஒருவன் கடையில் காசு கொடுத்துக்கொண்டே முணுமுணுத்திருந்தால் இது நடந்திருக்குமா? நூலகம் என்னும் ஒரு கூட்டம் இருந்ததால் நடந்தது. தமிழ்ப் பதிப்பாளர்களும் கேட்க வேண்டும்: நமது நூலகங்களுக்கு மின்னூலைக் காலக்கெடுவின்றி ஒரே விலைக்குக் கொடுங்கள். ஆங்கிலக் கம்பெனிகளின் நல்ல பழக்கங்களை விட்டுவிட்டு இந்த ஒன்றை மாத்திரம் காப்பியடிக்க வேண்டா.

இன்னொரு வகை வாங்குதலைக் கண்டால் நமக்குச் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. திருக்குறளையும் சிலப்பதிகாரத்தையும் டாலர் கணக்கில் கொடுத்து மின்னூலாய் வாங்குகிறவர் இருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார், உலகெங்குமுள்ள தமிழன்பர்களின் கைகளால் தட்டச்சு செய்து இவற்றை இலவசமாய் வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய நூல்கள் கிடக்கின்றன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்துச் சுமார் 97,000 நூல்களைச் சாம்பலாக்கினார்கள். அந்தச் சாம்பலின் நினைவு ஆறாத ஈழத் தமிழர், 2005 முதல் "நூலகம்" என்னும் பெயரிலேயே தம் ஏடுகளையெல்லாம் மின்னாக்கி யாவருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். பாரதியாரின் நூலுரிமையை 1949-இல் சென்னை அரசாங்கம் பெற்றுப் பின்னர் மக்களுக்கே விட்டது. அதற்குப் பிறகும் பாரதி பாடலுக்கு ஒருவன் அனுமதிச் சீட்டு விற்கிறான், நாமும் வாங்குகிறோம் என்றால், தண்ணீர்மலை அருவிக்கரையில் நின்றுகொண்டு புட்டித் தண்ணீர் வாங்குகிற புத்தியை என்னவென்பது? அந்த அருவி நீர்தான் ஒரு காலத்தில் குழாய் வழி இறங்கி இந்நகருக்கும் துறைமுகத்துக் கப்பல்களுக்கும் குடிநீர் ஊட்டியது.

காசு மிஞ்சியிருக்கிறதா? அதற்கும் இடமுண்டு. மலேசியத் தமிழ் எழுத்தாளன் தன் கைக்காசில் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் மேசைமேல் அடுக்கிவைத்திருக்கிறானே, அந்தக் காகிதப் புத்தகத்தை இரண்டாக வாங்குங்கள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று உங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கு.

மாநில நூலகத்துக்கு வரும் சனிக்கிழமை அடையாள அட்டையோடு போங்கள். உறுப்பினராகப் பதிந்துகொண்டு, மின்னூல் எடுக்கும் முறையைக் கவுண்டரிலேயே கேட்டுக் கைப்பேசியில் அமைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய தமிழ் நூல் இல்லையென்றால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். நூற்பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பகம் மூன்றையும் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டவர் கையொப்பமும் தேதியும் பெறுங்கள். அடுத்த மாதம் மறுபடி போய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். எதிர்வரும் தைப்பூசத்துக்குப் பந்தல் போடுகிற சங்கத்தார் மோர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேசையும், அதன்மேல் உறுப்பினர் படிவங்களும், எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்களையும் உட்காரவைக்கட்டும். நூலகத்தாரிடம் முன்கூட்டியே பேசிப் படிவங்களை வாங்கிவைக்க மார்கழி மாதத்திலேயே ஒருவர் போகவேண்டியிருக்கும்.